மிக்ஸில் கேட்கும் கோளாறு: காதில் விழுவதிலிருந்து காரணத்துக்கு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு சின்ன அறையில்தான் என் மிக்சிங் வேலை, அதாவது தனித்தனியே பதிந்த குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாகக் கலக்கும் வேலை, நடக்கிறது. கோயில் திருவிழாவுக்குப் பக்திப் பாடல், அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கப் பதிவு, கலியாண வரவேற்புக்கு ஒரு பாட்டு, பாடசாலைக் கீதம் என்று வேலைகள் பலவகை. கோளாறுகள் மட்டும் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டுதான். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் போனில் கேட்பதும் அவற்றைத்தான். எனவே, காதில் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகிற மாதிரி எழுதி வைக்கிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் நான் செய்வது ஒன்றுதான். ப்ரொஜெக்டை வேறு பெயரில் சேமித்துவிட்டு, மாஸ்டரில் (எல்லாம் சேர்ந்து வெளியே போகும் இடத்தில்) போட்டிருக்கிற எல்லா பிளக்இன்னையும், அதாவது ஒலியை மாற்றும் துணைக் கருவிகளையும், அணைப்பேன். பிறகு சந்தேகப்படுகிற ட்ராக்கை (ஒரு குரலின் அல்லது வாத்தியத்தின் தனிப் பதிவை) மட்டும் கேட்பேன். அப்போதும் கோளாறு இருந்தால், அந்த ட்ராக்கின் மூல ஃபைலை மிக்சிங் சொஃப்ட்வெயருக்கு வெளியே, சாதாரண பிளேயரில் போட்டுக் கேட்பேன். மூலத்திலேயே இருந்தால் பதிவில் வந்த பிழை. மூலம் சுத்தமாக இருந்தால் ப்ரொஜெக்டுக்குள் நாங்கள் உண்டாக்கிய பிழை. இதற்கு 2 நிமிடம் போதும். இதைச் செய்யாமல் மாஸ்டரில் ஈக்யூவை (கனத்த, மெல்லிய தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) திருகிக்கொண்டிருந்தால் ஒரு இரவே போய்விடும்.

குரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது, பாட்டும் ஓடுகிறது

டொரொன்டோவிலிருந்து ஒரு அக்கா பாடி அனுப்பியிருந்தார். போட்டுக் காட்டியதும் வீடியோ அழைப்பில் முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, இது என்ர குரல் மாதிரியே இல்லை. சின்னப்பிள்ளை பாடின மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் சொன்னது சரி. 44.1 கிலோஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 44,100 மாதிரி என்ற வீதத்தில்) பதிந்த குரலை 48 கிலோஹேர்ட்ஸ் ப்ரொஜெக்ட் மாற்றாமல் அப்படியே வாசித்திருந்தது. அப்படி நடந்தால் 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 செக்கனில் முடிந்துவிடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்). 5½ கட்டையில் (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதியைச் சொல்லும் எண்) பாடியவர் 6-க்கும் 6½-க்கும் நடுவில் எங்கோ நிற்பார். எந்தச் சுருதிப் பெட்டியோடும் ஒட்டாத இடம் அது. அதுதான் இந்தக் கோளாறின் அடையாளம். மறுபக்கமாக நடந்தால், 48-இல் பதிந்தது 44.1-ஆக ஓடினால், குரல் கனத்து, 4 நிமிடம் 4 நிமிடம் 21 செக்கனாக நீளும்.

பாடியவரிடம் அவருடைய பக்கத்தில் ஃபைல் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். உங்கள் திரையில் உள்ள நீளத்தோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். ப்ரொஜெக்டின் வீதத்தையும் இன்டர்பேஸின் (மைக்கை லெப்டொப்போடு இணைக்கும் பெட்டியின்) வீதத்தையும் ஒன்றாக்கி, ஃபைலை உள்ளே எடுக்கும்போது மாற்றி எடுக்கச் சொல்லும் தெரிவைப் போடுங்கள். ஃபைலின் தலைப்பிலேயே வீதம் பிழையாக எழுதப்பட்டிருந்தால் ஒடாசிற்றியில் அந்த ட்ராக்கின் மெனுவில் உள்ள வீதத்தை மட்டும் சரியான எண்ணுக்கு மாற்ற வேண்டும். மறுமாதிரி எடுக்கும் (Resample) கட்டளை வேறு வேலை செய்வது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிட்ச் மாற்றும் பிளக்இன்னால் இறக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். குரலின் உருவமே கெட்டுப்போகும்.

தாளத்தோடு சேரவில்லை

இதில் இரண்டு வகை உண்டு. பாட்டு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பிந்துகிற அளவு ஒன்றா, வேறா என்று முதலில் பாருங்கள்.

ஒரே அளவில் பிந்தினால் பெரும்பாலும் எம்பி3 தான் காரணம். எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் முன்னால் கொஞ்சம் வெறுமை சேரும், சாதாரணமாக 25 மில்லிசெக்கன் அளவு, சிலவேளை கூடுதலாக. மிருதங்கத்துக்கு அது போதும், தட்டு தள்ளி விழும். ட்ராக்கை அவ்வளவு தூரம் முன்னால் நகர்த்தினால் சரி. அடுத்த முறை வேவ் ஃபைலாகக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் குரல் செய்தியாக வேண்டாம், டொக்கியுமெண்டாக இணைத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிடுங்கள். பின்னணி இசையை அனுப்பும்போது முன்னால் நான்கு தட்டு எண்ணி அனுப்புவேன், பாடுபவர் அந்தத் தட்டும் கேட்கும்படி பதிந்து அனுப்புவார். தட்டைத் தட்டோடு பொருத்தினால் வேலை முடிந்தது.

போகப் போகப் பிந்துவது கூடினால், இரண்டு கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை. போனில் எடுத்த வீடியோவின் சத்தத்தையும் இன்டர்பேஸில் பதிந்ததையும் சேர்க்கும்போது இது வரும். பத்து இலட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றாலே 4 நிமிடத்தில் 12 மில்லிசெக்கன் விலகும். ஒரு மணிநேர அரங்கேற்றப் பதிவில் அது 180 மில்லிசெக்கன், சலங்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தொடக்கத்தைப் பொருத்தி, முடிவில் எவ்வளவு விலகியது என்று அளந்து, அந்த அளவுக்கு முழு ட்ராக்கையும் நீட்டுங்கள் அல்லது சுருக்குங்கள். நடுவில் வெட்டி வெட்டி நகர்த்துவது கை வலிக்கிற வேலை, காதுக்கும் தெரிந்துவிடும்.

டிக் டிக் என்று வெடிக்கிறது

எக்ஸ்போர்ட் செய்து வெளியே கேளுங்கள். வெடிப்பு ஃபைலில் இல்லை, உங்கள் லெப்டொப்பில் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் பஃபர் (லெப்டொப் ஒரு தடவைக்குக் கணக்கிட்டு வைக்கும் ஒலித் துண்டு) போதவில்லை. பதியும்போது 128 மாதிரி, மிக்ஸ் செய்யும்போது 1024 மாதிரி என்று நான் வைப்பேன். 44.1 கிலோஹேர்ட்ஸில் 128 என்பது 3 மில்லிசெக்கன், 1024 என்பது 23 மில்லிசெக்கன். மிக்ஸ் செய்யும்போது யாரும் பாடுவதில்லை, அந்த 23 யாரையும் பாதிக்காது. விண்டோஸ் என்றால் இன்டர்பேஸோடு வந்த ஏசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள்.

கொழும்பில் இன்னொரு காரணமும் உண்டு. முதல் அரை மணிநேரம் நன்றாக ஓடிப் பிறகு வெடிக்கத் தொடங்கினால் லெப்டொப்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள். சூடு ஏறினால் புரொசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவையும் பூட்டியிருக்கிற அறையில் இது கட்டாயம் வரும். இரண்டு புத்தகத்தை ஓரமாக வைத்து லெப்டொப்பைத் தூக்கி வையுங்கள், பாடி முடிந்த ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது பிளக்இன்னோடு சேர்த்து ஒலியாக்கி வைத்துப் புரொசஸரின் சுமையைக் குறையுங்கள்.

ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வெடித்தால் அது நீங்கள் வெட்டி ஒட்டிய இடம். அலை பூச்சியத்தைக் கடக்காத இடத்தில் வெட்டியிருப்பீர்கள். 5 முதல் 10 மில்லிசெக்கன் குறுக்கு மங்கல் (crossfade, ஒரு துண்டு தணிய மற்றது எழுவது) போட்டால் போகும்.

பாடும்போது ஹெட்ஃபோனில் தன் குரல் பிந்திக் கேட்கிறது என்று பாடகர் சொன்னால் புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றச் சொல்லுங்கள். வயர் ஹெட்ஃபோன் போட்டு, இன்டர்பேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தானை அமுக்குங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அடியில் 'ங்ம்ம்' என்று ஒரு முணுமுணுப்பு

இலங்கையில் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதனால் இந்த முணுமுணுப்பும் 50-இலும், அதன் மடங்குகளான 100, 150-இலும் வரும். ஸ்பெக்ட்ரம் பார்க்கும் பிளக்இன்னைப் போட்டால் அந்த இடங்களில் ஊசி ஊசியாக நிற்பது தெரியும்.

என்னை ஒரு முறை இது இரண்டு நாள் அலைக்கழித்தது. 5 கட்டையில் பாடுகிற ஒரு தங்கையின் தம்புரா ட்ராக் செக்கனுக்கு இரண்டு முறை அலை அடிப்பது போல நெளிந்தது. சுருதிப் பெட்டி பழுதென்று வேறொன்று இரவல் வாங்கினேன், அதுவும் நெளிந்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன். 5 கட்டையின் மந்திர ஸட்ஜம் 98 ஹேர்ட்ஸ். கரண்டின் இரண்டாம் மடங்கு 100 ஹேர்ட்ஸ். இரண்டும் மோதினால் செக்கனுக்கு இரண்டு அலைதானே வரும். லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் பதிந்தேன். நெளிவு அந்தக் கணமே நின்றது. அன்று இருந்தது இரண்டு முள் சார்ஜர், அதற்கு எர்த் கிடையாது.

எனவே வரிசை இப்படி: சார்ஜரைக் கழற்றிக் கேளுங்கள். நின்றால் பதிவு முழுவதும் பற்றரியில் எடுங்கள். நிற்காவிட்டால் மைக் வயரையே கழற்றுங்கள். அதோடு முணுமுணுப்புப் போனால் வயரிலோ மைக்கிலோ பிழை, கிற்றாருக்கும் கீபோர்டுக்கும் போடுகிற சாதாரண வயர் நீளமாக இருந்தால் அதுவே காரணமாகலாம். லெப்டொப், இன்டர்பேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே மல்ரிபிளக்கில் குத்துங்கள். வேறு வேறு சுவரில் குத்தினால் எர்த் வயர்கள் ஒரு வளையமாகி முணுமுணுப்பைக் கொண்டுவரும். டிம்மர் விளக்கை அணையுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டினால் சத்தம் போகும் என்று சிலர் சொல்வார்கள். சத்தம் போகலாம், ஆனால் மைக்கை வாயருகே பிடித்திருக்கிற மனிதர் மேல் கரண்ட் பாயவும் கூடும். எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே பதிந்துவிட்டதென்றால் 50, 100, 150-இல் மிக ஒடுக்கமான வெட்டுப் போடலாம். பெண் குரலுக்கு அது தெரியாது. மிருதங்கத்தின் தொப்பிக்கு (கனத்த சத்தம் தரும் இடப் பக்கத்துக்கு) தெரியும், கவனம்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது

எங்கள் வீடுகள் சீமெந்துச் சுவரும் ஓட்டுத் தரையும். அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். 'ட்ரிங்ங்' என்று இழுபட்டால் அந்த இழுப்பு குரலிலும் பதிந்திருக்கும். பதிந்த பிறகு அதை முழுதாக எடுக்க வழியில்லை. மேலே ரிவேர்ப் (எதிரொலி சேர்க்கும் பிளக்இன்) போட்டு மறைக்கப் பார்த்தால் கிணறு இன்னும் ஆழமாகும். கொம்பிரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் பிளக்இன்) போட்டாலும் அப்படியே, தணிந்த சத்தம் மேலே வரும்போது அறையும் கூடவே மேலே வரும்.

மீண்டும் பதிவதுதான் மருந்து. உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து, பாடுபவரின் முதுகு அந்தப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். ஒரு பக்க மைக் என்றால் அது பாடுபவரையும் அவர் பின்னால் உள்ளதையும்தான் பார்க்கிறது. அதனால் துணி இருக்க வேண்டியது அங்கேதான், மைக்கின் பின்னால் அல்ல. மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். மெத்தையைச் சுவரில் சாத்தினாலும் நல்லதே.

கரையோர ரயில் போகிற உறுமலைக் குரலில் 80 அல்லது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி எடுத்துவிடலாம். ரயிலின் ஹோர்னையும் காகத்தையும் பாண் வண்டியின் பாட்டையும் எடுக்க முடியாது, அவை குரலின் இடத்திலேயே இருக்கின்றன. இரவு பத்துக்குப் பிறகு பதியுங்கள்.

மிருதங்கம் தனித்தனியே நன்றாக இருக்கிறது, சேர்த்தால் மெலிகிறது

வலந்தலைக்கு (வலப் பக்கத்துக்கு) ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் என்று இரண்டு வைத்துப் பதிந்தால் இது வரும். தொப்பியில் கை விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, உள்ளிருக்கும் காற்று வலந்தலைத் தோலை வெளியே தள்ளுகிறது. ஆகவே ஒரு மைக் இழுபடும்போது மற்றது தள்ளுப்படுகிறது. இரண்டையும் கூட்டினால் அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஒரு 'தொம்' விழும் இடத்தில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் ட்ராக்கின் அலை மேலே கிளம்பும் இடத்தில் கீழ் ட்ராக் கீழே இறங்கினால் அதுதான். ஒரு ட்ராக்கில் அலையை மேல் கீழாகப் புரட்டும் (phase) பொத்தானை அமுக்குங்கள், குறுக்கே கோடு போட்ட வட்டம் அதன் குறி. இரண்டு நிலையிலும் கேட்டு, வயிறு நிறைகிற நிலையை வைத்துக்கொள்ளுங்கள். மைக்குகளுக்கு இடையே ஒரு மீட்டர் தூரம் என்றால் 3 மில்லிசெக்கன் வித்தியாசமும் இருக்கும். அதை நகர்த்திச் சரிசெய்யச் சிலர் சொல்வார்கள். நான் செய்வதில்லை. இரண்டு பக்கமும் அடிவிழும் வாத்தியத்தில், ஒரு கைக்குச் சரியாக்கினால் மற்றக் கைக்குப் பிழைக்கும்.

இன்னொரு கோளாறு, இதை எந்த மிக்சிங் பாடத்திலும் நான் காணவில்லை. முதல் டேக்கையும் நான்காம் டேக்கையும் (முதல் முறையும் நான்காம் முறையும் வாசித்துப் பதிந்ததை) வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் தொப்பி வேறு வாத்தியம் மாதிரி ஆகிவிடும். தொப்பியில் அப்பிய ரவை காய்வதுதான் காரணம். ஈரமாக இருக்கும்போது 'தொம்' கனமாக, நீளமாக வரும். காயக் காயச் சுருதி ஏறி, கனம் குறைந்து, கடைசியில் பலகையில் தட்டிய மாதிரி ஆகும். ஏசியை நிறுத்தி, பிறகு போட்டு, பிறகு நிறுத்தினால் வலந்தலையும் நகர்ந்துவிடும். ஈக்யூவால் இதை ஒட்ட வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஒட்டவில்லை. இப்போது ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் வித்துவானிடம் ஒரு 'தொம்'மும் ஒரு 'மீட்டு'ம் தனியே வாசிக்கக் கேட்டுப் பதிந்துவைக்கிறேன். அவை இரண்டும் ஒத்த டேக்குகளை மட்டும் வெட்டி ஒட்டுவேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

பைலாத் தாளம் நொண்டுகிறது

கலியாணப் பாட்டு என்றால் கொழும்பில் பைலா என்ற ஆட்டப் பாட்டு இல்லாமல் முடியாது. அது 6/8, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும் தாளம். ப்ரொஜெக்டை 4/4-இல் விட்டுவிட்டு, ஒரு அடியை நான்காகப் பிரிக்கும் பதினாறின் கட்டத்துக்குக் குவாண்டைஸ் செய்தால் (தட்டுகளைக் கட்டத்தில் தானாக ஒட்டவைத்தால்) தாளம் செத்துவிடும். வேகம் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடி 500 மில்லிசெக்கன். அதன் மூன்று பங்குகள் 0, 167, 333-இல் விழ வேண்டும். பதினாறின் கட்டமோ 0, 125, 250, 375. ஆக இரண்டாவது தட்டு 42 மில்லிசெக்கன் முந்தி விழும், மூன்றாவது 42 பிந்தி விழும். ஆட வந்த கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும். கட்டத்தை மும்மைக்கு (triplet) மாற்றுங்கள், அல்லது ப்ரொஜெக்டையே 6/8 ஆக்குங்கள். குவாண்டைஸின் பலத்தை நூறில் வைக்காமல் எழுபதில் வைத்தால் கையின் அசைவு மிஞ்சும்.

ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்புத் தாளத்துக்கும் இதே கதை. 7/8 என்று போடாவிட்டால் மெட்ரோனோமின் கனத்த தட்டு ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் வேறு இடத்தில் விழுந்து பாடுபவரைத் தள்ளாட வைக்கும்.

குரல் மெஷின் மாதிரி, கமகம் படியாக உடைகிறது

சுருதியைத் தானாகத் திருத்தும் ஒட்டோடியூனை வேகமாக வைத்து, பன்னிரண்டு ஸ்வரங்களையும் திறந்துவிட்டால் இப்படித்தான். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டே இருக்கும். மெஷின் அந்த அசைவைப் பிழையென்று எண்ணி, ஒவ்வொரு கணமும் பக்கத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் ஆணி அடிக்கிறது. அது ராகத்தைக் கொல்வது. முழுப் பாட்டுக்கும் போடாதீர்கள். நீட்டி நிற்கிற ஸட்ஜம், பஞ்சமம் விலகினால் அந்தச் சொல்லை மட்டும் தெரிந்தெடுத்து, மெலடைன் மாதிரி, ஸ்வரத்தைக் கையால் நகர்த்தவிடும் ஒன்றில் நடுவை மட்டும் நகர்த்துங்கள், அசைவின் அகலத்தைத் தொடவேண்டாம். கமகம் உள்ள வரியில் சுருதி பிழைத்தால் அந்த வரியைத் திரும்பப் பாடச் சொல்லுங்கள்.

அறையில் நன்றாக இருக்கிறது, ஓட்டோவிலும் கோயிலிலும் காணாமல் போகிறது

மிக்ஸை மோனோவுக்கு (இடது வலது இரண்டும் ஒன்றாக) மாற்றிக் கேளுங்கள். கோரஸோ வயலினோ அப்படியே மறைந்தால், ஸ்டீரியோவை அகலமாக்கப் போட்ட பிளக்இன்தான் குற்றவாளி. அதை எடுத்துவிட்டு, இரண்டு முறை பாடிய குரலை இடது வலதாக வையுங்கள். அது மோனோவிலும் நிற்கும். பேஸ் (bass, அடித்தொனி) மறைந்தால், போன் ஸ்பீக்கரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது என்பதை நினைவில் வையுங்கள். அந்த இடத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓட்டோவின் பின் ஸ்பீக்கர் அதிரும், போனில் ஒன்றும் மாறாது. பேஸ் ட்ராக்கில் கொஞ்சம் சட்டுரேஷன் (மெல்லிய சிதைவு) போட்டு 200-க்கும் 800-க்கும் இடையில் அதன் மடங்குகளைக் கிளப்புங்கள். காது அடித்தொனியைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

கோயிலில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கிக்கு நான் தனி மிக்ஸ் கொடுக்கிறேன். மோனோ, 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, ரிவேர்ப் பாதி. தெருவே அதற்குப் போதுமான எதிரொலியைக் கொடுத்துவிடும். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், பக்திப் பாடலுக்கு அதுதான் முதல்.

மாஸ்டர் சிவக்கிறது

மாஸ்டர் ஃபேடரை இறக்குவதால் உடைந்த ட்ராக் திருந்தாது. எந்த ட்ராக் பதியும்போதே உச்சி தட்டையாகியிருக்கிறது என்று அலையைப் பாருங்கள். 24 பிட்டில் பதிந்தால் உச்சி −12 டெசிபெலில் நின்றாலே தாராளம், சத்தமாகப் பதிய ஒரு தேவையும் இல்லை. யூடியூப் −14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) மேல் உள்ளதைத் தானே இறக்கிவிடும். லிமிட்டரால் (சத்தத்தை ஒரு உச்சியைத் தாண்டவிடாத பிளக்இன்னால்) நசுக்கிச் சத்தம் ஏற்றினால் நசுங்கலே மிஞ்சும். உச்சியை −1 டெசிபெலில் நிறுத்துங்கள்.

எக்ஸ்போர்ட் செய்ததில் முடிவு வெட்டுப்பட்டிருக்கிறது

கடைசி ட்ராக் முடிகிற இடத்தில் எக்ஸ்போர்ட் எல்லையும் முடிந்திருக்கும், ரிவேர்ப்பின் வால் அதற்கு வெளியே விழுந்திருக்கும். எல்லையை 5 செக்கன் பின்னால் இழுங்கள். தம்புரா இருக்கிற பாட்டுக்கு நான் 10 செக்கன் விடுவேன், பாட்டு முடிந்த பிறகும் நான்கு தந்தியும் ஒரு முறை முழுதாகச் சுற்றி ஸட்ஜத்தில் வந்து அடங்கும்வரை.